துணி நனையட்டும்

வலது பக்கம் சொட்டுது, இடது பக்கம் அதுவும் இல்ல. அமுக்கு, விடு, அமுக்கு, விடு. காம்பைச் சுத்தி இருக்க கறுப்புக்கு வெளிய பிடிக்கணும், பின்னால தள்ளி அமுக்கணும், காம்பைப் பிடிச்சு இழுக்கப்படாது, மாட்டைக் கறக்குற மாதிரி கறந்தா புண்ணாயிரும்னு ஜெபக்கனி சிஸ்டர் சொல்லிக் குடுத்தாவ. அப்படித்தான் அமுக்குதேன் சிஸ்டர். என் கை ரெண்டும் ஒழுங்காத்தான் வேலை பாக்குது, மனசுதான் இங்கன நிக்க மாட்டேங்குது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகிட்ட ஓடிப்போயிருது. பிள்ளைய நெனைச்சா பால் வருமாம். நான் வேற எதைத்தான் நெனைக்கேன்? நெனைப்புக்கு வரும்னா இந்நேரம் இந்த ரூமே முங்கியிருக்கணும். ரூமுன்னா ரூமும் இல்ல, பச்சப்பிள்ளைங்க ஐ.சி.யு.க்குப் பக்கத்துல ஒரு திரையப் போட்டு, ரெண்டு நாற்காலி, ஒரு ஃபிரிட்ஜு, செவத்துல கொழுகொழுன்னு சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பிள்ள படம். அந்தப் படத்தப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஏலே, நீ என்னத்துக்குலே சிரிக்க? மடியில எவர்சில்வர் கிண்ணம், கொதிக்க வெச்சுக் குடுத்தது, அதுல அடி மறையுற அளவுக்குக் கூடப் பால் இல்ல. இதையும் எம்பிள்ள குடிக்கப் போறதில்ல. அதுக்கு வயிறு ஊதிக் கெடக்கு, வாய்வழியா ஒண்ணும் குடுக்கப்படாது, எல்லாம் ஊசிக்குழாய் வழியாத்தான். நான் பிழிஞ்சு குடுக்கதச் சின்னச் சின்ன டப்பாவுல ஊத்தி, இசக்கிச்செல்வியின் பெண் குழந்தைன்னு எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜுல அடுக்கி வைக்காவ. "குடிக்காத பிள்ளைக்கு எதுக்குட்டி இப்படிப் பிழிஞ்சு ஊத்துத, ஒன் ஒடம்புல இருக்க சத்தும் போயிரும்லா"ன்னு எங்க அத்தை காலையில கூடக் கேட்டாவ. அத்தைன்னா எங்க வீட்டுக்காரவிய அம்மா. ஊத்துவேன். நான் ஊத்துவேன். நாளைக்கே பிள்ள வாயைத் திறந்து கேட்டா, இல்ல கண்ணு, ஆத்தா கடைய மூடிட்டேன்னு சொல்லவா? ஆள் வந்தாலும் வராட்டாலும் கதவு திறந்திருக்கணும்னு எங்க ஜவுளிக்கடை மொதலாளி சொல்லுவாரு. அந்த மனுசன் வாயில இருந்து வந்ததுல உருப்படியானது இது ஒண்ணுதான்.

அமுக்கு, விடு. நானாவது அமுக்குனா நாலு சொட்டு வருது. அவளுக்கு அதுவும் வரல. நேத்து ராத்திரியில இருந்து எம்பிள்ள ஒண்ணுக்குப் போகல. நூல் தண்டிக் குழாய்ல மருந்து போகுது, தண்ணி போகுது, போறது போகுது, வெளிய வரணும்லா? வரல. காலையில சிஸ்டர் துணிய உருவி எடுத்து, தராசுல வெச்சுப் பாத்தாவ. நனையுமுன்ன ஒருக்க, பொறவு ஒருக்க எடை போடுவாவ, கூடுற எடைதான் மூத்திரம். கூடவே இல்ல. காய்ஞ்ச துணி, வெச்ச மாதிரி இருக்கு, மடிப்புக் கூடக் கலையல. மத்தியான ரவுண்ட்ஸுக்குள்ள துணி நனையணும். நனைஞ்சா இப்ப போடுற மருந்தைத் தொடருவோம், நனையலன்னா நிப்பாட்டணும், இல்லன்னா மருந்தே கிட்னிய முடிச்சிரும்னு பியூலா டாக்டரம்மா சொல்லிட்டாவ. நிப்பாட்டிட்டு வேற எதைப் போடுவீங்கன்னு கேட்டேன். அவிய மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாவ. டாக்டருங்க கண்ணாடியத் தொடைச்சா என்ன அர்த்தம்னு இந்த ரெண்டு வாரத்துல நான் படிச்சுட்டேன். அத்தையும் படிச்சுட்டாவ. அதான் வேன் பேசி வெச்சிருக்காவ, மருந்தை நிப்பாட்டுன கையோட பிள்ளைய ஊருக்குக் கொண்டு போயிரணுமாம். "எந்த மருந்தும் கேக்காதுன்னு ஆயிப்போச்சு, குழாயோட ஏன் கெடக்கணும், நம்ம வீட்டுல, நம்ம சாமிக்கு முன்னால கெடக்கட்டும்." கெடக்கட்டும்னா என்ன அர்த்தம்னும் எனக்குத் தெரியும். மோளுட்டி. எந்தாயி, எஞ்செல்லம், மோளுட்டி. ஊர்ல எல்லாப் பிள்ளையும் ஆத்தா மடிய நனைச்சு, அப்பன் சட்டைய நனைச்சு, போட்டோ எடுக்க நேரத்துல நனைச்சு மானத்த வாங்குது. நீ இந்த ஒரு முழத் துணிய நனைக்கக் கூடாதா? ஆத்தா இங்கன பிழிஞ்சுக்கிட்டு இருக்கேன், நீ அங்கன முக்கு. ரெண்டு பேருமா சேந்து பாப்போம்.

பக்கத்துத் தொட்டில் காலி. அதை நெனைக்கப்படாது. நேத்து வரைக்கும் அதுல ஒரு பயப்பிள்ள இருந்தான், கால் ரெண்டையும் தவளை மாதிரி விரிச்சுக்கிட்டு. இன்னைக்குக் காலையில புது விரிப்பு விரிச்சு வெச்சிருக்கு. அதை நெனைக்கப்படாதுன்னு சொல்லிட்டேன்லா. வேற நெனை. கிருமிய நெனை. ஆமா, அந்தச் சவத்த நெனைச்சா எனக்குக் கோவம் வரும், கோவம் வந்தா பயம் போயிரும். கிளெப்சியெல்லா. டாக்டரம்மா அந்தப் பேரை மொத மொத சொன்னப்ப, எங்க கடைக்குப் பட்டுச்சேலை எடுக்க வார கான்வெண்ட் டீச்சர் பேரு மாதிரி இருந்திச்சு. அவிய போன்ல படம் காட்டுனாவ, பிள்ள ரத்தத்துல இருந்து வளத்து எடுத்தது. கொம்பும் பல்லுமா கன்னங்கரேல்னு இருக்கும்னு நான் நெனைச்சா, ரோஸ் கலரு. நல்ல வெளிர் ரோஸ். பிள்ளைக்குப் பேரு வைக்கும்போது போடணும்னு நான் கடையில எடுத்து ஒதுக்கி வெச்சிருக்க கவுன் இருக்கு, அதே கலரு. மொதல்ல கருநீலச் சாயத்த ஊத்துவாங்களாம், சில கிருமி அதைப் பிடிச்சுக்கிட்டு எப்படிக் கழுவுனாலும் விடாதாம், இந்த வகை பிடிக்காதாம், கழுவுனா போயிருமாம், பொறவு ரோஸ் சாயம் ஊத்துனா அது ஏறுமாம். அப்படித்தான் இது எந்த வகைன்னு கண்டுபிடிக்காவளாம். சாயம் நிக்காத சரக்கா, அப்படிச் சொல்லுங்கன்னேன். எச்சிவிரலால ஒரு தேய் தேச்சா சாயம் நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரிஞ்சுரும், எத்தன வருசமா அந்த ஜவுளிக்கடையில நிக்கேன். சாயம் நிக்காத சரக்குன்னா நாங்க மொதலாளிகிட்ட திருப்பி அனுப்பச் சொல்லுவோம். இதை எங்கன திருப்பி அனுப்ப?

ஏன் சாவ மாட்டேங்குதுன்னு கேட்டேன். "அதுக்கு வெளிய இன்னொரு தோல் இருக்கும்மா"ன்னாவ டாக்டரம்மா. "மருந்து உள்ள போறதே கஷ்டம். தப்பித் தவறிப் போனாலும் மோட்டார் வெச்ச மாதிரி வெளிய எறைச்சிரும். அதையும் தாண்டி நின்னா மருந்தையே வெட்டிப் போட்டுரும்." பொறக்கும்போதே இம்புட்டு வித்தையோட பொறந்ததான்னேன். "கொஞ்சம் பொறப்பு. மிச்சம் நாம கத்துக் குடுத்ததும்மா"ன்னாவ. நாமன்னா யாருன்னு நான் கேக்கல, கேக்கணுமா என்ன. எங்க வீட்டுக்காரவியளுக்கு ரெண்டு தும்மல் வந்தா போதும், மெடிக்கல்ல போயி ஒரு செட்டு மாத்திரை குடுங்கம்பாவ, அவனும் சேப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணுன்னு கத்தரியால வெட்டிப் பேப்பர்ல மடிச்சுக் குடுப்பான், ரெண்டு வேளை போட்டுட்டு மிச்சத்த அலமாரியில எறிஞ்சுருவாவ. அதெல்லாம் கிருமிக்குப் பள்ளிக்கூடமாம். ஒண்ணு படிச்சா போதும், அது பக்கத்துல இருக்கதுக்கும் சொல்லிக் குடுத்துருமாம், தன் இனத்துக்குத்தான்னு இல்ல, வேற இனத்துக் கிருமிக்கும் குடுக்குமாம். நம்ம ஊர்ல மனுசன் சாதி பாத்துத் தண்ணி குடுப்பான், இந்தச் சனியன் சாதி பாக்காம வெசத்தக் குடுக்குது. இருக்கட்டும். ஏட்டி கிளெப்சியெல்லா, கேட்டுக்கோ. ஒனக்கு ரெண்டு தோலுன்னா எனக்கும் தோலு தடிச்சதுதான். உக்கார ஒரு ஸ்டூல் குடுக்காத கடையில, வயித்தத் தள்ளிக்கிட்டு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துல நின்னவ நான். எடுத்த சேலைய எல்லாம் பிரிச்சுப் போட வெச்சுட்டு, பிடிக்கலன்னுட்டுப் போறவகிட்டயும் சிரிச்சவ. நீ மோட்டார் வெச்சு எறைப்பியா? எறை. நான் திரும்பத் திரும்ப ஊத்துவேன். யாரு கை மொதல்ல ஓயுதுன்னு பாத்துருவோம். அமுக்கு, விடு. இடது பக்கம் கல்லு மாதிரி இருக்கு, தொட்டாலே உசுரு போகுது, ஆனா ஒரு சொட்டு இறங்க மாட்டேங்குது.

கீழ பைக் நிறுத்துற இடத்துல எங்கய்யா நிக்காவ. இந்த ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா அவிய உச்சந்தலை தெரியும், நான் எட்டிப் பாக்கல, பாத்தா அழுதுருவேன். நாலு நாளா அங்கனதான் நிக்காவ, மாடிக்கு வர மாட்டேங்காவ. வலது கைய அக்குளுக்குள்ள வெச்சு அமுக்கிக்கிட்டு நிக்காவ, ஏதோ குளிருத மாதிரி. எல்லாம் அந்தச் சேனையால வந்தது. பொறந்த பிள்ள நாக்குல சீனித்தண்ணியத் தொட்டு வைக்கிறதுக்கு எங்க பக்கம் சேனைன்னு பேரு. யாரு வைக்காங்களோ அவங்க குணம் பிள்ளைக்கு வந்துரும்பாங்க, அதனால அதுக்கு எப்பவும் அடிபிடிதான். தாய்ப்பாலத் தவிர ஒண்ணும் குடுக்காதீங்கன்னு சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லுவாவ, நாம சரி சரின்னு தலையாட்டுவோம், அவிய முதுகைத் திருப்புனதும் சீனித்தண்ணிக் கிண்ணம் வெளிய வந்துரும். எங்க அத்தை அவிய தம்பியக் கூட்டியாந்திருந்தாவ, ஊருக்குள்ள பெரிய மனுசன், ஆனா தெருவுல ஒரு சண்டைன்னா மொத ஆளா கதவைச் சாத்துறவரு. எனக்கு அந்தக் குணம் எம்பிள்ளைக்கு வேண்டாம். எங்கய்யாதான் வைக்கணும்னு கட்டில்ல படுத்துக்கிட்டே ஒத்தக் கால்ல நின்னேன். எங்கய்யாவுக்குச் சங்கரன்கோவில்ல கோழிக்கடை. எதுத்தாப்புல ஏ.சி. போட்ட கறிக்கடை ஒண்ணு வந்து, அந்தக் கடைக்காரன், கடைய எடுத்துரும் அண்ணாச்சி, ஒமக்கு எதுக்கு இந்த வயசுலன்னு சொன்னப்ப, அவிய மறுநாள் போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிச்சாவ. அந்தக் குணம் வரணும்னு ஆசைப்பட்டேன். அவிய பஸ்ஸை விட்டு இறங்கி, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவி, ஒரு விரலால தொட்டு வெச்சாவ. பிள்ள நாக்கைச் சப்புக் கொட்டுனா. "தாயி, எப்படிச் சப்புக் கொட்டுதா பாத்தியா"ன்னு எங்கய்யா சிரிச்ச சிரிப்பு இருக்கே.

மறுநாளே பிள்ளைக்கு மூச்சு வாங்குதுன்னு ஐ.சி.யு.ல சேத்தாவ, அது சரியாயிட்டு வந்திச்சு, ஒரு வாரம் கழிச்சுத்தான் இந்தக் காய்ச்சல், ரத்தத்துல கிருமி. வந்ததும் எங்க அத்தை மாடிப்படியில வெச்சு, அத்தன பேரு முன்னாலயும் கேட்டுட்டாவ. "கோழி அறுத்த கையால பச்சப்பிள்ள நாக்கைத் தொட்டா கிருமி வராம வேற என்னத்த வரும்?" எங்கய்யா, கடைக்கு வாரவன் விலை கேட்டாலே நாலு பதில் சொல்லுற மனுசன், கைய அக்குளுக்குள்ள விட்டுக்கிட்டுக் கீழ இறங்கிப் போயிட்டாவ. பொறவு நான் சாப்பாடு கொண்டு போனப்ப சொல்லுதாவ, "தாயி, பண்ணையில கோழிக்குத் தண்ணியில மருந்து ஊத்துவாங்க, சீக்கு வரப்படாதுன்னு, சீக்கு இல்லாத கோழிக்கும் ஊத்துவாங்க. அதைத் தின்னு தின்னுதான் கிருமிக்கெல்லாம் மருந்து பழகிப்போச்சுன்னு டீக்கடையில ஒருத்தன் போன்ல காட்டுனான். அந்தக் கிருமிதான் என் நகத்துக்குள்ள இருந்திருக்கும்." சோத்தை இடது கையால பிசையுதாவ. இடது கையால. நேரா மேல வந்து டாக்டரம்மாகிட்ட கேட்டேன், மறைக்காம சொல்லுங்க, எங்கய்யா விரல்ல இருந்தா வந்திச்சுன்னு. "சேனை வெச்சது தப்புதான், இனிமே யாருக்கும் வைக்காதீங்க. ஆனா இது அதுல வந்தது இல்ல. நாங்க கை கழுவுற தொட்டி இருக்கில்ல, அந்த ஓட்டைக்குள்ள இருந்து எடுத்து வளத்துப் பாத்தோம். அங்க இருக்கதும் இவ ரத்தத்துல இருக்கதும் ஒண்ணுதான். இது எங்க கிருமிம்மா"ன்னாவ. எங்க கிருமின்னு சொல்லும்போது அவிய குரல் இறங்கிப்போச்சு. எனக்கு அவிய கன்னத்துல ஒரு அறை விடணும்னும் இருந்திச்சு, கையெடுத்துக் கும்பிடணும்னும் இருந்திச்சு. ரெண்டும் செய்யல. இப்ப அந்தத் தொட்டிய மூடி மஞ்ச டேப் ஒட்டியிருக்கு, வெளிய புதுக் குழாய் வெச்சிருக்கு. நான் ஓடிப்போயி எங்கய்யாகிட்ட சொன்னா, "நீ எனக்காகச் சொல்லுத தாயி"ங்காவ. அத்தைகிட்ட சொன்னா, "நீ அழுததப் பாத்துட்டு அந்த டாக்டர்ப்பிள்ள பாவம் அப்படிச் சொல்லியிருக்கும்"ங்காவ. பழியத் தூக்கித் தூரப் போடலாம்னு பாத்தா, ஆளாளுக்கு ஓடிப்போயி எடுத்துக்கிட்டு வாராங்க.

சரி, பழி கெடக்கட்டும், இப்ப பழிய வெச்சு என்ன செய்ய. மருந்து. அதைத்தான் நெனைக்கணும். கொலிஸ்டின்னு பேரு. "ரொம்பப் பழைய மருந்தும்மா. கிட்னிக்கு ஆகாதுன்னு ஒதுக்கி வெச்சிருந்தது. புதுசு எல்லாம் தோத்துப்போச்சு, அதனால திரும்பக் கூப்பிட்டிருக்கோம்"னாவ. ரிட்டயர் ஆன முரட்டு ஏட்டையாவக் கூப்பிட்டு, போயி அந்த ரவுடியப் பிடிச்சுட்டு வாரும்னு சொன்ன கணக்கா இருக்கு. பிடிப்பாரு, ஆனா போற வழியில நம்ம வீட்டுக் கதவையும் ஒடைப்பாரு. போடலாமா வேண்டாமான்னு வீட்டுல கலந்து பேசுங்கன்னாவ. கலந்து பேசுனோம். எங்க வீட்டுக்காரவிய சிவகாசியில அச்சாபீசுல இருக்காவ, லீவு கெடைக்காது, போன்ல, "அம்மா சொல்லுததையும் கேளு செல்வி"ன்னாவ. அம்மா என்ன சொன்னாவ? "கிட்னி போன பொட்டப்பிள்ளைய வெச்சுக்கிட்டு நாளைக்கு என்ன செய்ய? நீ சின்ன வயசுதானட்டி, அடுத்தது பெத்துக்கிடலாம்." அடுத்ததா? நான் கேட்டேன், அப்பவே கேட்டேன். நான் என்ன கடையில சேலையா விரிச்சுக் காட்டுதேன், இது பிடிக்கலன்னா அடுத்ததுன்னு? அவிய மொகம் செத்துப்போச்சு. பொறவுதான் எனக்கே நெனைப்பு வந்திச்சு, அவியளுக்கும் ஒண்ணு போயிருக்கு. எங்க வீட்டுக்காரவியளுக்கு முன்னால பொறந்தது, பொம்பளப்பிள்ளதான், ஒரே காய்ச்சல்ல போயிட்டாம். ஊசி போட ஆள் இல்லாத ஊரு அப்ப. ஒரு நாள் அவியளே சொன்னாவ, அடுப்புப் பக்கத்துல குத்தவெச்சு உக்காந்துக்கிட்டு, யாரோ அசலூர்க்காரி கதை மாதிரி. அன்னைக்கும் இப்படித்தான் யாரோ வந்து, விடு கோமதி, அடுத்தது பெத்துக்கிடலாம்னு சொல்லியிருப்பாங்க. மருந்து இல்லாத காலத்துல அவியளுக்கு ஒண்ணு போச்சு. அலமாரி அலமாரியா மருந்து அடுக்கி வெச்சிருக்க காலத்துல எனக்கு ஒண்ணு போகணுமா? என்ன நியாயம் இது? முடியாது. மருந்தைப் போடுங்கன்னு நாந்தான் சொன்னேன், யாருகிட்டயும் கேக்காம நான் மட்டும் போயி சொன்னேன். கிட்னி போச்சுன்னா என் கிட்னியக் குடுக்கேன், ரெண்டையும் எடுத்துக்கோங்கன்னும் சொன்னேன்.

அப்படிச் சொன்னவ இப்ப ஏன் நடுங்குத? நடுங்கல. இது பசி. இல்ல, நடுங்கத்தான் செய்யுதேன். நான் சொல்லித்தான் போட்டாவ. நான் சொல்லாம இருந்தா கிட்னியாவது இருந்திருக்குமோ? கிட்னி இருந்து, கிருமியும் இருந்து, என்னத்த? பக்கத்துத் தொட்டில்ல அந்தப் பயலுக்கு என்ன மருந்து போட்டாங்க? அவங்க ஆத்தா யாருகிட்ட கேட்டா? புது விரிப்பு, ஓரம் நல்லா இழுத்துச் சொருகி வெச்சிருக்கு. அதை நெனைக்காதன்னா நெனைக்காத. கடிகாரத்தப் பாக்காத. இந்த வெள்ளைக்காரப் பிள்ளையப் பாக்காத. அமுக்கு. விடு. எங்கன போயிட்ட பாலு? கழுத்து வரைக்கும் இருக்கு, கட்டிக்கிட்டு நிக்குது, இறங்க மாட்டேங்குது. அங்கயும் அப்படித்தான் இருக்குமோ, அவளுக்கும் எல்லாம் உள்ளேயே நின்னுக்கிட்டு, இறங்க வழி தெரியாம? தாயி, பயப்படாத. ஆத்தா பயந்தா ஆத்தாவுக்கும் இறங்காது, நீ பயந்தா ஒனக்கும் இறங்காது. நாம ரெண்டு பேரும் பயப்பட வேண்டாம். ஒங்க தாத்தன் குணம் ஒனக்கு வந்திருக்கா இல்லையா? வந்திருக்கும்லா? அப்ப போர்டுக்குப் பெயிண்ட் அடிட்டி.

திரை விலகுது. அத்தை. கையில வயர் கூடை, அதுல என் மாத்துச் சேலை, சோப்பு டப்பா, பிளாஸ்க்கு, எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டாவ. "வேன்காரன் வந்துட்டான். கேட்டுக்கு வெளிய நிக்கான்."

"நிக்கட்டும்."

"ரவுண்ட்ஸ் வந்தாச்சுட்டி. டாக்டரம்மா உள்ள இருக்காவ. நான் கண்ணாடி வழியா பாத்துட்டுத்தான் வாரேன்."

"வரட்டும்."

"இன்னும் நனையல செல்வி." இதை அத்தை ஏச்சாச் சொல்லல. மெல்லத்தான் சொன்னாவ, என் மொகத்தப் பாக்காம, ஃபிரிட்ஜைப் பாத்துச் சொன்னாவ. "எழுந்திரி. இந்தக் கிண்ணத்தக் கீழ வை. அந்த உசுரையும் வதைக்காண்டாம், ஒன்னையும் வதைக்காண்டாம்."

"அத்தை, எம்பிள்ள இந்த ஆஸ்பத்திரிய விட்டு நடந்துதான் வெளிய போகும், இல்ல என் இடுப்புல சிரிச்சுக்கிட்டுப் போகும். ஒங்க வேன்ல போகாது. வேன்காரன்கிட்ட போயிச் சொல்லுங்க. மருந்தை நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும், நான் இங்கனயே உக்காந்திருப்பேன், வேற மருந்து இருக்கான்னு கேப்பேன், மதுரையில கேப்பேன், மெட்ராஸ்ல கேப்பேன், டாக்டரம்மா கண்ணாடியத் தொடைச்சு முடிச்சதும் திரும்பவும் கேப்பேன். நீங்க வேணா போங்க." சத்தமாத்தான் சொன்னேன் போல, உள்ள யாரோ உஷ்ஷுன்னாங்க. சொல்லி முடிச்சதும் கண்ணுல இருந்து கொட்டுது, தொடைக்கக் கை இல்ல, ஒரு கை கிண்ணத்துல, ஒரு கை நெஞ்சுல. அத்தை கூடையக் கீழ வெச்சுட்டு அப்படியே நிக்காவ. அவிய வாய் ஏதோ சொல்ல வாரது மாதிரி அசையுது. என்னத்தையும் சொல்லுங்க, நான் பதிலுக்குப் பதில் வெச்சிருக்கேன், நாலு நாளா மாடிப்படியில இருந்து சேத்து வெச்சிருக்கேன். அப்பத்தான் உள்ள இருந்து செருப்புச் சத்தம், ஓடுற சத்தம். ஆஸ்பத்திரியில யாரும் நல்லதுக்கு ஓட மாட்டாவ. முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

"இசக்கிச்செல்வி! ஏ இசக்கிச்செல்வி!" ஜெபக்கனி சிஸ்டர். கண்ணைத் திறக்கேன். அவிய முன்னங்கை நனைஞ்சிருக்கு, சட்டையில வயித்துப் பக்கம் ஒரு ஈரம். "ஒம்மவ என் மேலயே போயிட்டா! துணிய மாத்தலாம்னு காலைத் தூக்குனேன், பீச்சுறா! டாக்டரம்மா கோட்டுலயும் பட்டுருச்சு!"

அத்தைதான் கேட்டாவ, "அப்ப... அப்ப பிழைச்சுருமாம்மா?"

"அதெல்லாம் இன்னும் சொல்ல முடியாதும்மா. கிருமி அங்கதான் இருக்கு, காய்ச்சலும் இருக்கு. ஆனா மருந்தை நிப்பாட்ட வேண்டாம்னுட்டாவ, அடுத்த ஊசி போடச் சொல்லிட்டாவ. அதுதான் இப்போதைக்கு." சொல்லிட்டு அவிய கை கழுவ ஓடுதாவ. அம்புட்டுத்தானே, அம்புட்டுப் போதும், எனக்கு இன்னைக்கு இது போதும், கேட்டியாட்டி கிளெப்சியெல்லா, எம்மவ டாக்டர் மேலயே மோண்டுட்டா! நான் சிரிக்கேன், சத்தமாச் சிரிக்கேன், கோட்டிக்காரி மாதிரி சிரிக்கேன், சிரிக்கச் சிரிக்க மாருக்குள்ள ஊசி குத்துன மாதிரி ஒரு சுருக்கு, ரெண்டு பக்கமும், அக்குள்ல இருந்து கீழ இழுத்துக்கிட்டு வருது, வந்துருச்சு, கை வைக்கவே இல்ல, வலது பக்கம் நாலு நூலாப் பிரிஞ்சு கிண்ணத்துல விழுது, சர்ருன்னு சத்தம் கேக்குது, இடது பக்கமும் ஒடைச்சுக்கிட்டு வந்து சேலையில ஓடுது, மடியில ஓடுது, தரையில சொட்டுது, ஐயோ வீணாப் போகுதே, எம்பிள்ள பாலு வீணாப் போகுதே. "கிண்ணம்! சிஸ்டர், இன்னொரு கிண்ணம்!"

சிஸ்டர் இல்ல. மேசையில கொதிக்க வெச்ச கிண்ணம் ஒண்ணு மூடி வெச்சிருக்கு, எனக்கு எட்டல. அத்தை பாக்காவ. கிண்ணத்தப் பாக்காவ, என்னையப் பாக்காவ, தரையில விழுற பாலைப் பாக்காவ. கண்ணு கலங்கி, மூக்கு வெடைச்சு, ஒரு எட்டுல மேசைக்குப் போயி கையை நீட்டிட்டாவ, இடது பக்கம் ஏந்துறதுக்கு. நாலு நாளா நான் சேத்து வெச்ச பேச்செல்லாம் எங்க போச்சுன்னு தெரியல, வாயில இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்.

"தொடாதீங்க அத்தை. வெளிய குழாய்ல சோப்புப் போட்டு, எங்கய்யா கழுவுன மாதிரி முழங்கை வரைக்கும் கழுவிட்டு வந்து பிடிங்க."